பெயர் வெட்டப்பட்ட செயலட்டையும் ஒரு அனுமதியின் வரலாறும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் பெற்றாரும் உயர்தரப் பிள்ளைகளும் நேரம் எடுத்து வாசித்தால் நல்லது. கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது.

கடந்த வருட விடுமுறையில் ஊரிலுள்ள விஞ்ஞான ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேர் சேர்ந்து தரம் 9 பிள்ளைகளுக்காக ஒரு செயலட்டைத் தொகுப்புச் செய்தோம். விசை, அமுக்கம், குருதிச் சுற்றோட்டத் தொகுதி என்று பிள்ளைகள் வழமையாகத் தடுமாறும் அலகுகள். லுஹருக்குப் பிறகு உட்கார்ந்தால் மஃரிப் வரை. முடித்ததும் பிடிஎப் ஆக்கி வட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். யாரும் எடுக்கட்டும் என்றுதான் போட்டோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிள்ளை பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டியது. "சேர், இது உங்கட பேப்பர் மாதிரி இருக்கு." ஒரு தனியார் வகுப்பில் காசு கொடுத்து வாங்கியதாம். அடியில் இருந்த எங்கள் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. மேலே வேறொரு சின்னம். எங்களுடையதுதான் என்பதற்கு எங்கள் பிழையே சாட்சி. இதயத்தின் படத்தில் சுவாசப்பை நாடிக்குப் போகவேண்டிய அம்புக்குறி சுவாசப்பை நாளத்துக்குப் போயிருந்தது. நாங்கள் அதைக் கண்டு திருத்தி இரண்டாவது பிரதியும் அனுப்பிவிட்டோம். விற்கப்பட்ட பிரதியில் அந்தப் பிழை அப்படியே இருந்தது. காசு போனதை விட இதுதான் எங்களுக்கு எரிச்சல். பிள்ளைகள் காசு கொடுத்துப் பிழையைப் படித்திருக்கிறார்கள்.

அன்றிரவு கூடி, என்ன செய்யலாம், யாரிடம் முறையிடலாம் என்று சூடாகப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் மூத்த டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "அந்த இதயப் படம் நான் கையால் வரைந்தது. மற்றப் படங்கள் எங்கிருந்து வந்தது?"

எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். கூகுளில் தேடி எடுத்தவை. யார் வரைந்தது, எந்த நாட்டில், அனுமதி உண்டா இல்லையா, ஒன்றும் தெரியாது. இரண்டு படங்களில் மூலையிலிருந்த பெயரை நாங்களே வெட்டியிருந்தோம், பக்கத்தில் இடம் போதவில்லை என்று.

அதன் பிறகு ஒருவருக்கும் முறையிடுகிற எண்ணம் இருக்கவில்லை. கல்வியியற் கல்லூரிக் காலத்தில் பாடத்திட்டம் வரைவதும் கற்பித்தல் சாதனம் செய்வதும் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அடுத்தவர் செய்த சாதனத்தை எப்படி எடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பது ஒரு பாடவேளைக்கும் வரவில்லை. எனவே நாங்களே தேடி வாசித்தோம். வாசித்ததைத்தான் இங்கே சொல்கிறோம்.

நமது நாட்டிலிருந்தே தொடங்கலாம். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. பாடநூல்கள் இலவசமாக வந்தது 1980இல். அதற்கு முன்னர் அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிப்பான், அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும் என்று எங்கள் உம்மா வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களைப் பிடிஎப் ஆகவும் இறக்கலாம். பெரிய காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எல்லா உரிமையும் உரியவருக்கே என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். அதாவது வாசிக்கலாம், படிப்பிக்கலாம். ஒரு அத்தியாயத்தை எடுத்து, எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற உதாரணம் போட்டு, மாற்றி, மறுபடி வெளியிடுவதற்கு அந்த வரி இடம் தரவில்லை. இலவசம் என்பதும் அனுமதி என்பதும் இரண்டு விடயம். எண்பது வருடமாக முதலாவதில் நாங்கள் முன்னுக்கு நிற்கிறோம். இரண்டாவதைப் பற்றி யோசித்ததே குறைவு.

"நாங்கள் எழுதின நோட்ஸில் அப்படி ஒரு வரியும் போடவில்லையே" என்று கேட்கலாம். போடத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு ஆக்கம் உருவான கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதியவும் வேண்டாம், அறிவிக்கவும் வேண்டாம். ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரை அது நிற்கும். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு சலுகையும் வைத்திருக்கிறது: நியாயமான பயன்பாடு என்ற அளவுக்குள், கற்பித்தலுக்காக, வகுப்பறைக்கு வேண்டிய பல பிரதிகளையும் எடுக்கலாம். வகுப்புக்கு நாற்பது பிரதி அடிப்பது இந்தக் கணக்கில் வரக்கூடும். முழுத் தொகுப்பையும் உலகம் பூராவும் இறக்கும்படி இணையத்தில் போடுவது வேறு கதை.

ஆக, அன்போடு வட்ஸ்அப்பில் போட்ட எங்கள் தொகுப்பும் சட்டத்தின் கண்ணில் பூட்டிய பெட்டிதான். இன்னொரு பாடசாலை ஆசிரியர் அதில் ஒரு கேள்வியை மாற்றிக் கொடுக்க விரும்பினாலும் நேர்மையானவராக இருந்தால் தயங்குவார். நேர்மை இல்லாதவர் தயங்கவே மாட்டார். எங்கள் விடயத்தில் நடந்ததும் அதுதான்.

இந்தச் சிக்கலை முதலில் கண்டவர்கள் கணினி மென்பொருள் எழுதியவர்கள். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் தொடங்கிய குனூ திட்டத்தில், பதிப்புரிமையை வைத்தே அனுமதி கொடுக்கும் வழி பிறந்தது. எடு, மாற்று, பகிர், ஆனால் நீ மாற்றியதையும் அதே நிபந்தனையில் பிறருக்குக் கொடு. 1998இல் டேவிட் வைலி என்ற பல்கலைக்கழக மாணவர், மென்பொருளுக்குச் செய்ததைப் பாடங்களுக்கும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டு, 'திறந்த உள்ளடக்கம்' என்ற பெயரில் ஒரு உரிமத்தை எழுதினார். சட்டத்தரணி அல்ல, கல்வித்துறை மாணவர். அந்த உரிமத்தில் ஓட்டைகள் இருந்ததாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அதே 1998இல் நமது மொழியிலும் ஒன்று நடந்தது. பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் போட்டார்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அதில் உண்டு. எங்கள் தமிழ் டீச்சர்மார் பலர் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே. அந்தக் கோப்புகளின் தலைப்பக்கத்தைக் கவனியுங்கள். யார் தட்டச்சு, யார் மெய்ப்புப் பார்த்தது என்று பெயர்கள் இருக்கும். இந்தத் தலைப்பக்கத்தை நீக்காமல் யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்றும் இருக்கும். எங்கள் செயலட்டைக்கு நாங்கள் கேட்டதும் இவ்வளவுதான்! வட்ஸ்அப் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கு முன்னர் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில், ஒரு வாப்பாவிடமிருந்து வருகிறது. எரிக் எல்ட்ரெட் என்பவர் தன் மகள்மாருக்கு ஹோதோர்ன் என்ற பழைய நாவலாசிரியரில் ஆர்வம் வரவில்லையே என்று, உரிமைக்காலம் முடிந்த நூல்களை இணையத்தில் விளக்கங்களோடு ஏற்றத் தொடங்கினார். பிறகு அதுவே அவருடைய வேலையாகிவிட்டது. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் பதிப்புரிமைக் காலத்தை இன்னும் 20 வருடம் நீட்டியது. அடுத்த வருடம் விடுதலையாகவிருந்த நூல்கள் எல்லாம் மறுபடி பூட்டுக்குள் போயின. எல்ட்ரெட் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சட்டப் பேராசிரியர் லோரன்ஸ் லெசிக். 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்று தோற்றார்கள். (நமது சட்டத்திலும் 70 வருடம் என்று வந்தது அதே 2003இல்தான்.)

ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்னரே அவர்கள் வேறொரு கதவைத் தட்டியிருந்தார்கள். சட்டத்தை மாற்ற முடியாவிட்டால், கொடுக்க விரும்புகிறவர் இலகுவாகக் கொடுப்பதற்கு ஒரு வழி செய்யலாம். 2001இல் கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பு உருவானது. 2002 டிசம்பர் 16ஆம் திகதி முதல் உரிமங்கள் வெளிவந்தன. ஆக்கியவர் தன் உரிமையை விட்டுவிடவில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார். நமது ஆட்களுக்கு விளக்குவதென்றால் வக்ஃபு செய்த கிணற்றைச் சொல்லலாம். யாரும் அள்ளிக் குடிக்கலாம், கிணறு யாருடைய பெயரில் தோண்டப்பட்டது என்று கல்லில் இருக்கும். உவமை முழுக்கப் பொருந்தாது. கிணற்றில் தண்ணீர் குறையும், பிடிஎப் குறையாது.

நிபந்தனைகள் நாலுதான். பெயர் சொல்ல வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. மாற்றக்கூடாது. முதலாவது எல்லாவற்றிலும் உண்டு. மற்ற மூன்றையும் வேண்டியபடி சேர்த்தால் ஆறு உரிமங்கள். இப்போது பாவனையில் உள்ளது 2013இல் வந்த 4.0 என்ற பதிப்பு.

பெரிய இடங்களில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் இணையத்தில் பாடம் நடத்துவதில் என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. காசு உழைக்கும் வழிகளைத் தேடிப் பார்த்த குழு, கடைசியில் சும்மா கொடுத்துவிடுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. 2001 ஏப்ரலில் அறிவித்து, 2002இல் 50 பாடநெறிகளோடு தொடங்கி, 2007 அளவில் 1,800 பாடநெறிகள் வரை ஏற்றினார்கள். 2002 ஜூலையில் பரிசில் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில்தான் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொதுமாநாடு அதை ஒரு பரிந்துரையாகவே ஏற்றுக்கொண்டது.

எங்களை உண்மையில் நிமிர வைத்தது எம்.ஐ.டி. அல்ல, தென்னாபிரிக்கா. 2002இல் கேப் டவுனில் சில பௌதிகவியல் பட்டப்பின் மாணவர்கள், உயர்நிலைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் புத்தகம் இல்லையென்று தாங்களே எழுதத் தொடங்கினார்கள். மார்க் ஹோர்னர் என்பவர் அவர்களில் ஒருவர். தொண்டர்கள் துண்டு துண்டாக எழுதிச் சேர்த்த அந்த வேலை பின்னர் சியாவுலா என்ற பெயரில் வளர்ந்தது. 2012இல் அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் தரம் 10 முதல் 12 வரையான அவர்களுடைய கணித, விஞ்ஞானப் புத்தகங்களை அச்சடித்துப் பாடசாலைகளுக்குக் கொடுத்தது. அதே புத்தகத்தை இரண்டு விதமாக வெளியிட்டார்கள். அனுசரணையாளர்களின் சின்னங்களோடு உள்ளதை மாற்ற முடியாது. சின்னங்கள் நீக்கியதை யாரும் எப்படியும் மாற்றலாம், பெயர் சொன்னால் போதும். அரசாங்கம் எழுதி ஆசிரியருக்குக் கொடுப்பதையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, கீழிருந்து எழுதப்பட்டது மேலே போய் அச்சாகிய கதை புதிது.

இலங்கையிலும் சும்மா இருக்கவில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம் 2010களின் நடுப்பகுதியில் ஒன்பது மாகாணங்களிலும் ஆசிரிய மாணவர்களுக்குத் திறந்த வளங்களைத் தேடவும் மாற்றவும் பயிற்சி கொடுத்து ஆய்வும் செய்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை ஆரம்பத்தில் தனியாளாகக் கட்டியெழுப்பியவர் நமது நாட்டைச் சேர்ந்த இ. மயூரநாதன், அபுதாபியில் வேலை செய்துகொண்டே.

சரி, இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எதற்கு?

முதலாவது, சொல். நமது பிள்ளைகள் யூடியூபில் தமிழில் தேடினால் வருவதில் அதிகமானவை தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல ஆசிரியர்கள், அழகான விளக்கம். ஆனால் அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். இதையாவது பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஆபத்தானது 'வேகம்'. தமிழ்நாட்டில் வேகம் என்றால் திசை இல்லாத கணியம், திசையோடு சொன்னால் திசைவேகம். நமக்குத் திசை இல்லாதது கதி, திசையோடு சொல்வதுதான் வேகம். ஒரே சொல், நேர் எதிர்க் கருத்து. வீட்டில் வீடியோ பார்த்து உசாராகப் படித்த ஒரு பிள்ளை, தரம் 10 பரீட்சையில் வரைவிலக்கணத்தை மாற்றி எழுதிப் புள்ளி இழந்ததை எங்களில் ஒருவர் கண்டிருக்கிறார். பிள்ளையின் குற்றம் அல்ல. அந்தப் பாடத்தை எடுத்து நாலு சொல்லை மாற்றினால் எங்களுக்கு முழுதும் பயன்படும். மாற்றுவதற்குத்தான் அனுமதி வேண்டும். 'இலவசமாகப் பார்க்கலாம்' என்பது இந்த இடத்தில் போதாது.

இரண்டாவது, காசு. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்திலும் போட்டோ கொப்பிக் கடைக் காக்கா கையை விரித்தார். அப்போது தொலைபேசியில் இருந்த பிடிஎப்தான் கைகொடுத்தது. ஒவ்வொரு பாடசாலையும் ஒரே அலகுக்கு ஒரே மாதிரிச் செயலட்டையைத் தனித்தனியாக மினக்கெட்டுச் செய்வதற்கு எங்களிடம் நேரமும் இல்லை, தாளும் இல்லை.

மூன்றாவதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். எங்கள் பாடசாலை நூலகம் கடலோடு போனது. புத்தகங்கள் பிறகு வந்தன, அலுமாரிகளும் வந்தன. வராதது, எங்கள் சேர் ஒருவர் பல வருடமாகக் கையால் எழுதி, ஒரு இரும்பு அலுமாரியில் அடுக்கி வைத்திருந்த கணிதக் குறிப்புகள். யாரிடமும் பிரதி இருக்கவில்லை. கொடுக்க மனமில்லாதவர் அல்ல அவர். கேட்டால் கொப்பியையே தந்துவிடுவார். ஆனால் எடுத்துப் பிரதி பண்ணி உன்னிடமும் வைத்துக்கொள் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 அளவில் நூல்கள் எரிந்தபோதும் அழிந்தவற்றில் சில ஒரே ஒரு பிரதியாக இருந்தவை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இன்று இலங்கைத் தமிழ், முஸ்லிம் எழுத்துகளைத் தேடித் தேடி மின்வடிவில் வைப்பதற்கு இந்த இழப்பும் ஒரு பின்னணி. மேலே சொன்ன டேவிட் வைலி 2014இல் தன் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை. அவர் நினைத்தது வேறு காரணங்களை. எங்களுக்கு அந்த இரும்பு அலுமாரிதான் ஞாபகம் வந்தது.

இப்போது தொகுப்பைத் திரும்பச் செய்கிறோம். கூகுளில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். விக்கிமீடியா கொமன்ஸ் என்ற தளத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயரும் உரிமமும் இருக்கிறது. அங்கிருந்து எடுத்து, ஆங்கிலப் பெயர்களை நீக்கி நமது பாடநூல் சொற்களைப் போட்டு, வரைந்தவர் பெயரைப் படத்தின் கீழே எழுதுகிறோம், மாற்றியது நாங்கள் என்றும் சேர்த்து. ஒரு படத்துக்கு அரை மணித்தியாலம் போகிறது. முன்னர் அரை நிமிடம்.

ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஊழியர் தன் தொழிலின் பகுதியாகச் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே என்றுதான் சட்டம் சொல்கிறது. நாங்கள் செய்தது விடுமுறையில், வீட்டில், எங்கள் சொந்தக் கணினியில். இருந்தாலும் அதிபர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் போடுவோம்.

இனிக் கேள்வி. உரிமம் எது என்பதில் எங்கள் நாலு பேருக்குள்ளும் இணக்கம் இல்லை. இரண்டு பேர் வியாபாரத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். நடந்ததைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்ற இரண்டு பேர் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். போட்டோ கொப்பிக் கடைக் காக்கா எங்கள் தொகுப்பை அடித்து வைத்து, பத்து இருபது ரூபா இலாபத்துக்கு விற்றால் அது வியாபாரமா? இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேருவது அந்தக் கடை வழியாகத்தானே. மூத்த டீச்சர் சொன்னது: "விற்கட்டும். பெயர் இருந்தால் பிழை எங்கே திருத்துவது என்று பிள்ளைக்குத் தெரியும். மாற்றினால் அவர்களும் திறந்து கொடுக்கட்டும்." விக்கிப்பீடியாவும் 2009 முதல் இந்த வகை உரிமத்தில்தான் இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கம் சாய்கிறோம், ஆனால் முடிவு எடுக்கவில்லை.

வகுப்பு நடத்துகிறவர்களும் கருத்துச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூடி முடிவெடுக்கிறோம். அதற்கிடையில் ஒரு உதவி: இதய வால்வுகள் திறந்து மூடுவதைக் காட்டும் படம் மட்டும் எங்களுக்குத் திருப்தியாகக் கிடைக்கவில்லை. வரையக்கூடிய பிள்ளைகள் இருந்தால் பென்சிலில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். பெயரையும் தரத்தையும் படத்தின் கீழேயே போடுவோம்.